நிறுத்தப்பட்ட வார்கேம்களின் மினியேச்சர்கள் என்ன ஆகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மினியேச்சர் எனப்படும் சின்ன உருவங்களை வைத்து மேசைமேல் ஆடும் போர் விளையாட்டு (வார்கேம்) ஒன்று இனி வராது என்று அறிவிப்பு வந்தால் போதும், கிடங்கில் அடுக்கியிருக்கும் பெட்டிகள் முதல் நம் அலமாரியில் பாதி பெயிண்ட் அடித்தபடி நிற்கும் படை வரை எல்லாவற்றின் கதியும் கேள்விக்குறியாகிவிடுகிறது. அந்தப் பதற்றத்தில் பலர் நல்ல படைகளை அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுகிறார்கள். சிலர் கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். இரண்டையும் தவிர்க்க, சரக்கு எப்படி நகர்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

விளையாட்டை நிறுத்திவிட்டார்கள் என்றால் சரியாக எது நிற்கிறது?

முதலில் நிற்பது வடிவமைப்பு வேலை. புதிய உருவங்கள் செதுக்கப்படமாட்டா, விதிகளுக்குத் திருத்தம் வராது, போட்டிகளுக்கான பரிசுப் பெட்டிகள் வராது. உற்பத்தி பல சமயம் அறிவிப்புக்கு முன்பே நின்றிருக்கும். விற்பனை மட்டும் கையிருப்பு தீரும்வரை ஓடும். 2012-இல் வெளிவந்த விண்கலப் போர் விளையாட்டான ஸ்டார் வார்ஸ் எக்ஸ்-விங்கையும் அதோடு அதே வகையைச் சேர்ந்த அர்மடாவையும் இனி வளர்க்கப்போவதில்லை என்று அட்டாமிக் மாஸ் கேம்ஸ் 2024 ஜூனில் அறிவித்தது. அன்று கடைகளில் கப்பல்கள் இருந்தன, அவற்றை வைத்து ஆடுபவர்களும் இருந்தார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும், ஒரு படையோ சில உருவங்களோ மட்டும் விலக்கப்படும். வார்ஹாமர் விளையாட்டுகளை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் இப்படி விலக்கிய பலவற்றுக்கு 'லெஜன்ட்ஸ்' என்ற பெயரில் விதிகளைத் தனியாகக் கொடுத்திருக்கிறது. நண்பர்களோடு ஆட அது போதும். ஆனால் பெரிய போட்டிகளில் அவற்றை அனுமதிப்பது அரிது, அவற்றின் பலம் பலவீனத்தையும் யாரும் தொடர்ந்து சரிபார்க்கமாட்டார்கள்.

கிடங்கில் மிச்சமிருக்கும் சரக்கு எங்கே போகிறது?

சரக்கு ஒரே இடத்தில் இருப்பதில்லை. தயாரிப்பாளரின் கிடங்கு, மொத்த விநியோகஸ்தரின் கிடங்கு, சில்லறைக் கடையின் அலமாரி என்று பிரிந்து கிடக்கும். ஒவ்வொன்றும் வேறு வேகத்தில் காலியாகும்.

தயாரிப்பாளர் முதலில் 'கடைசி வாய்ப்பு' என்று அறிவித்து நேரடியாக விற்பார். தலைவர்கள், அரக்கர்கள், அரிதாக வந்த உருவங்கள் எல்லாம் உடனே போய்விடும். தங்கிவிடுவது எப்போதும் ஒரே மாதிரியானவைதான்: எல்லோரிடமும் ஏற்கனவே இருக்கும் தொடக்கப் பெட்டிகள், விதிகளில் பலவீனமாக இருந்ததால் யாரும் சேர்க்காத படைப்பிரிவுகள், கடைசிக் கட்டத்தில் விற்பனை ஏறும் என்று நம்பிக் கூடுதலாகத் தயாரித்தவை. இவற்றைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து விலையைக் குறைப்பார்கள். அதற்கும் நகராதது, மிச்சச் சரக்கை மொத்தமாக வாங்கும் வியாபாரிகளிடம் போகும். அவர்களுக்கு இது எந்த விளையாட்டு என்றுகூடத் தெரியவேண்டியதில்லை. எத்தனை அட்டைப்பெட்டி என்பதே அவர்கள் கணக்கு.

சில சரக்கு வேறு பெயரில் பிழைத்துக்கொள்ளும். வார்ஹாமர் ஃபேன்டசி பேட்டில் 2015-இல் முடிந்து ஏஜ் ஆஃப் சிக்மார் வந்தபோது பழைய படைகளில் பல அப்படியே புது விளையாட்டுக்குள் போயின. அதே பிளாஸ்டிக் ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டம்), மேலே வேறு பெட்டி, உள்ளே சதுர பேஸுக்குப் (உருவம் நிற்கும் அடித்தட்டு) பதில் வட்ட பேஸ். பழைய கடைப்பெட்டியை வாங்கியவருக்கும் புதியதை வாங்கியவருக்கும் உள்ளே இருந்த வீரர்கள் ஒரே வீரர்கள்.

பொருள் எது என்பதும் முடிவை மாற்றும். உலோக உருவங்களை உருக்கலாம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், ஈயம் 327-இல். இரண்டும் சேர்ந்த கலவைக்குப் பெரிய உலை தேவையில்லை என்பதால், விற்காத வார்ப்புகளைத் திரும்ப உருக்குபாத்திரத்தில் போட்டு அடுத்த உருவங்களை வார்ப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையும் அரைத்து மீண்டும் பயன்படுத்த முடியும். ரெசின் எனும் செயற்கைப் பிசின் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி உருகாது. விற்காத ரெசினுக்குக் குப்பைதான்.

அழிப்பதற்குப் பதில் இலவசமாகக் கொடுத்துவிடலாமே?

மனசு கேட்காத விஷயம் இது. வரிசையாக நின்று வாங்கியிருக்கக்கூடிய ஆட்கள் இருக்கும்போதே உருவங்கள் நொறுக்கப்படுவதை நினைத்தால் வயிறு எரியும். ஆனாலும் காரணங்கள் கண்ணுக்குத் தெரியும்.

விற்காத சரக்குக்கும் கிடங்கு வாடகை உண்டு. அதை எண்ணி, பிரித்து, பொட்டலம் கட்டி அனுப்ப ஆள்கூலி உண்டு, அந்தக் கூலி பல நேரம் பொருளின் மதிப்பைத் தாண்டிவிடும். பழையது இலவசமாகப் பரவினால் அதே மேசையில் புதிய விளையாட்டுக்கு இடம் கிடைக்காது என்ற பயமும் நிறுவனங்களுக்கு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே வரி. அமெரிக்காவில் 1979-இல் தோர் பவர் டூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கையில் இருக்கும் மிகைச் சரக்கின் மதிப்பை, இது விற்காது என்ற ஊகத்தின் பேரில் மட்டும் கணக்கில் குறைத்து வரிச்சலுகை கேட்க முடியாது. அந்தச் சரக்கைக் குறைந்த விலைக்கு விற்கவோ விற்பனைக்கு வைக்கவோ வேண்டும், அல்லது ஒழித்துக்கட்ட வேண்டும். மின்கருவி உதிரிப் பாகங்களைப் பற்றிய வழக்கு அது. ஆனால் மெதுவாக விற்கும் எதையும் கிடங்கில் வைத்திருக்கும் எல்லோரையும் அது பாதித்தது. மெல்ல விற்கும் பழைய புத்தகங்களைப் பதிப்பகங்கள் கூழாக்கத் தொடங்கியதற்கும் இந்தத் தீர்ப்பையே காரணமாகச் சொல்வார்கள். நம் மினியேச்சர்களும் அதே கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கின்றன.

சினிமா, கார்ட்டூன் உரிமம் பெற்ற விளையாட்டுகளில் நிலைமை வேறா?

ரொம்பவே வேறு. சொந்தக் கதையுலகம் வைத்திருக்கும் நிறுவனம் பழைய உருவங்களை எப்போது வேண்டுமானாலும் திரும்ப விற்கலாம். உரிமம் வாங்கியவர் ஒப்பந்தம் முடிந்த நாளோடு கைகட்டிக்கொள்ள வேண்டும். பல ஒப்பந்தங்களில் மிச்சச் சரக்கை விற்றுத் தீர்க்கச் சில மாத அவகாசம் இருக்கும். அது முடிந்தால் எஞ்சியதை அழிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். அதனால்தான் இந்த வகை விளையாட்டுகளில் விலைச்சரிவு திடீரென்று வந்து திடீரென்று முடிந்துவிடுகிறது.

விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2004-இல் தொடங்கிய ஸ்டார் வார்ஸ் மினியேச்சர்ஸ், உரிமம் புதுப்பிக்கப்படாததால் 2010-இல் நின்றது. பெயிண்ட் அடித்தே வந்த அந்தச் சின்ன பிளாஸ்டிக் உருவங்களை அதன்பின் யாரும் மறுபடி அச்சிடவில்லை.

ராட்சத ரோபோக்கள் மோதும் பேட்டில்டெக் விளையாட்டின் கதை இன்னும் சிக்கல். அதன் ஆரம்பகால இயந்திர வீரர்களில் பல, மேக்ரோஸ் போன்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர்களின் வடிவங்கள். அந்த வடிவங்களின் உரிமையைக் கோரிய ஹார்மனி கோல்டு நிறுவனத்தோடு ஏற்பட்ட வழக்கு 1996-இல் சமரசத்தில் முடிந்தது. பேட்டில்டெக்கை வெளியிட்ட ஃபாசா நிறுவனம் அவற்றைக் கைவிட்டது. ரசிகர்கள் அவற்றுக்கு 'அன்சீன்' (காணப்படாதவை) என்று பெயர் வைத்தார்கள். விளையாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவங்களில் ஒரு பகுதி மட்டும் சட்டத்தால் மறைந்துபோன கதை இது. பிறகு புதிய கலைஞர்கள் அதே இயந்திரங்களை வேறு தோற்றத்தில் வரைந்து திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அச்சுகள் என்ன ஆகின்றன?

நான் எல்லோரையும் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான். பெட்டிகள் தீர்ந்துபோவது பெரிய விஷயமில்லை. அச்சு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த உருவம் இறந்ததா உறங்குகிறதா என்று சொல்ல முடியும்.

உலோக உருவம் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். தடித்த தோசைபோல இரண்டு வட்ட ரப்பர் தட்டுகள். நடுவே மூல உருவங்களைச் சக்கர வடிவில் அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து ரப்பரை இறுக வைப்பார்கள். பிரித்தால் உள்ளே உருவங்களின் குழிகள் இருக்கும். மையத்திலிருந்து ஒவ்வொரு குழிக்கும் ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். தட்டுகளைச் சேர்த்துச் சுழலவிட்டு நடுவில் உருகிய உலோகத்தை ஊற்றினால், சுழற்சியின் வேகம் அதை வாள்முனை வரை தள்ளிவிடும். ஒவ்வொரு வார்ப்பிலும் ரப்பர் கொஞ்சம் வெந்து தேய்கிறது. சில நூறு சுற்றுகளில் முகங்கள் மழுங்கும், ஓரங்களில் தேவையில்லாத தகடு படியும். அப்போது மூல உருவத்தை எடுத்துப் புது அச்சு செய்ய வேண்டும். மூல உருவம் தொலைந்துபோயிருந்தால், வார்த்த உருவத்தையே மூலமாக வைத்துச் செய்வார்கள். அப்படிச் செய்தது அசலைவிட ஒரு நூலளவு சிறியதாகவும் மங்கலாகவும் இருக்கும். பழைய உருவத்தின் மறுவார்ப்பைக் கையில் எடுத்தவுடன் ஏதோ குறைகிறதே என்று தோன்றுவது இதனால்தான்.

பிளாஸ்டிக்கின் அச்சு எஃகு. செய்யப் பெருஞ்செலவு, ஆனால் எண்ணெய் பூசி துருப்பிடிக்காமல் வைத்திருந்தால் பல பத்தாண்டுகள் கழித்தும் வேலை செய்யும். அதனால் எஃகு அச்சை யாரும் லேசில் தூக்கிப்போடுவதில்லை. 2006-இல் பிளாஸ்டிக் மாடல் பெட்டிகளை விற்கும் ஏர்ஃபிக்ஸின் தாய் நிறுவனமான ஹம்ப்ரால் நொடித்துப்போனபோது ஹார்ன்பி அதை வாங்கியது. ஏர்ஃபிக்ஸின் பழைய அச்சுகளிலிருந்து உருவங்கள் இன்றும் வெளிவருகின்றன.

அச்சுகள் நாடு கடந்தும் போகும். அமெரிக்காவின் கிரெனடியர் மினியேச்சர்ஸ் 1996-இல் மூடப்பட்டபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி இத்தாலியின் மிர்லிடனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபாசா 2001-இல் கடையைக் கட்டியபோது, அதன்கீழ் இருந்த ரால் பார்த்தாவின் வார்ப்பு வேலையை அயர்ன் விண்டு மெட்டல்ஸ் எடுத்துக்கொண்டு பேட்டில்டெக் உலோக உருவங்களைத் தொடர்ந்து வார்த்தது.

நிறுவனமே திவாலாகிவிட்டால்?

சரக்கு கடன்காரர்களின் சொத்தாகிவிடும். நிர்வாகியாக நியமிக்கப்படுபவர் அதைப் பணமாக்கப் பார்ப்பார். பொதுவாக மூன்று பொருள்கள் தனித்தனியே விற்கப்படும்: கையிருப்பு, அச்சுகள், கதையுலகத்தின் உரிமை. மூன்றும் ஒரே கைக்குப் போனால் விளையாட்டு பிழைக்கும். பிரிந்துபோனால் பெரும்பாலும் பிழைக்காது.

பிழைத்ததற்கு உதாரணம் ஸ்பார்ட்டன் கேம்ஸ். 2017 ஆகஸ்டில் அது மூடப்பட்டது. அடுத்த மாதமே வேலண்ட் கேம்ஸின் பிரிவான வார்கிரேடில் அதன் டிஸ்டோப்பியன் வார்ஸ், ஃபயர்ஸ்டார்ம் ஆகிய விளையாட்டுகளை வாங்கிவிட்டது. டிஸ்டோப்பியன் வார்ஸ் சில ஆண்டுகள் கழித்துப் புதிய பிளாஸ்டிக் கப்பல்களோடு திரும்பியது. அதே 2017-இல் ஹாக் வார்கேம்ஸின் டிராப்ஸோன் கமாண்டரும் டிராப்ஃப்ளீட் கமாண்டரும் டிடிகாம்பாட்டுக்குக் கைமாறின, நிறுவனம் நொடிக்கும்வரை காத்திருக்காமலே. விஸ்கிட்ஸை அதன் உரிமையாளரான டாப்ஸ் 2008 நவம்பரில் மூடியது. 2009-இல் நேகா நிறுவனம் வாங்கி ஹீரோகிளிக்ஸ் விளையாட்டைக் காப்பாற்றியது.

பிரான்ஸின் ரக்காம் அந்த வகையில் அதிர்ஷ்டமில்லாதது. கன்ஃப்ரன்டேஷன் என்ற விளையாட்டுக்காக அது வார்த்த உலோக உருவங்கள் இந்தத் துறையில் செதுக்கப்பட்டவற்றில் மிக அழகானவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். துணி மடிப்புகளும் விரல்களும் அவ்வளவு நுணுக்கம். பிறகு ஏடி-43 என்ற பெயிண்ட் அடித்தே வரும் பிளாஸ்டிக் விளையாட்டுக்கு மாறி, கன்ஃப்ரன்டேஷனையும் அதே வழிக்குக் கொண்டுபோனது. 2010-இல் நிறுவனமே கலைக்கப்பட்டது. பிளாஸ்டிக் பெட்டிகள் பல ஆண்டுகள் மலிவு விலையில் சுற்றிக்கொண்டிருந்தன. உலோக உருவங்களைத் தேடுபவர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைக்காரர் இதில் எவ்வளவு நஷ்டப்படுகிறார்?

அதிகம். பெரும்பாலான சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார்கள். தன் பணத்தில் வாங்கி அடுக்கியவர் அவர், அறிவிப்போ வாடிக்கையாளருக்கும் அவருக்கும் ஒரே நாளில் வருகிறது. அலமாரி இடம்தான் கடையின் மூலதனம் என்பதால், வாங்கிய விலைக்கும் கீழே விற்றாவது காலி செய்வார். அந்த நேரத்தில் அவரிடம் இன்னும் பேரம் பேசி நெருக்காதீர்கள். அடுத்த விளையாட்டுக்கு மேசை போட்டுக் கொடுக்கப்போவதும் அதே ஆள்தான்.

தள்ளுபடியில் வாங்கலாமா? எதை?

ஆடப்போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். முதலில் உருவங்களை வாங்காதீர்கள். விதிப்புத்தகம், அட்டைகள், அளவுகோல்கள், சிறப்புப் பகடைகள், டயல்கள், இவற்றை வாங்குங்கள். இவை இல்லாமல் ஆட முடியாது, பின்னால் தனியாகக் கிடைப்பதும் அரிது. எக்ஸ்-விங்கில் 2018-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பழைய கப்பல்களுக்கு அட்டையும் டயலும் மட்டும் அடங்கிய மாற்றுப் பெட்டிகளை விற்றார்கள். கப்பல் பழையதே போதும், காகிதம்தான் புதிதாக வேண்டியிருந்தது.

அடுத்து, இரு தரப்பும் இருக்கும்படி வாங்குங்கள். நிறுத்தப்பட்ட விளையாட்டுக்கு எதிராளி கிடைப்பது சிரமம். இரண்டு சிறிய படைகள் உங்களிடமே இருந்தால் யாரையும் உட்காரவைத்து ஒரு மாலையில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஒரே தரப்பில் பிரம்மாண்டமான படை சேர்த்துவிட்டு ஆட ஆளில்லாமல் வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கலாம்.

பழைய பெட்டியை வாங்கும்போது திறந்து பார்க்க முடிந்தால் பாருங்கள். உலோக உருவத்தின் மேலிருக்கும் மெல்லிய மஞ்சள் பஞ்சு பல ஆண்டுகளில் பொடிந்து பிசுபிசுத்து உருவத்தின் மடிப்புகளில் ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் இருந்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். ஆனால் ரெசின் வாள்கள் வளைந்திருக்கின்றனவா, ஸ்ப்ரூவில் துண்டு குறைகிறதா என்று எண்ணிப் பார்ப்பது அவசியம். நிறுத்தப்பட்ட பொருளுக்கு மாற்றுத் துண்டு கேட்க இடமில்லை.

வாங்கி வைத்தால் விலை ஏறுமா?

முதலீடாக நினைத்து வாங்காதீர்கள் என்பதே என் பதில். அறிவிப்பு வந்தவுடன் பயத்தில் எல்லோரும் விற்பதால் விலை இறங்கும். சரக்கு தீர்ந்ததும் சிலவற்றுக்கு ஏறும். ஏறுபவை குறைவாகத் தயாரிக்கப்பட்டவை, பின்னாளில் வந்தவை, எல்லோரும் விரும்பியவை. தொடக்கப் பெட்டிகளின் வீரர்களுக்கு ஏறுவது அபூர்வம்.

ஏறியதும் ஒரே அறிவிப்பில் இறங்கலாம். டூம் கிங்ஸ், பிரெட்டோனியா என்ற இரண்டு வார்ஹாமர் படைகள் ஃபேன்டசி பேட்டில் முடிந்தபின் விற்பனையிலிருந்தே நீக்கப்பட்டு, பல ஆண்டுகள் கைமாற்றுச் சந்தையில் எட்டாத விலைக்கு விற்றன. 2024 ஜனவரியில் அந்தப் பழைய விளையாட்டின் மறுவருகையாக தி ஓல்டு வேர்ல்டு வந்தபோது முதலில் திரும்பிய படைகள் அவை இரண்டுமே. பழைய அச்சுகளிலிருந்து வந்த உருவங்களும் அவற்றில் இருந்தன. பதுக்கி வைத்திருந்தவர்களின் கணக்கு அன்றோடு மாறியது. ஆடக் காத்திருந்தவர்களுக்கோ அது திருவிழா.

விதிகள் மறைந்துவிட்டால் எப்படி ஆடுவது?

விதிகளைக் காப்பாற்றுவது உருவங்களைக் காப்பாற்றுவதைவிட அவசரமான வேலை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோப்புகள் நிறுவனத்தின் தளம் மாறும்போது காணாமல் போகும். திருத்தப் பட்டியல்கள் இன்னும் சீக்கிரம் போகும். செயலியில் மட்டும் படைப் பட்டியல் இருக்கும் விளையாட்டுகள் எல்லாவற்றிலும் ஆபத்தானவை. சர்வர் நின்றால் எந்த உருவத்துக்கு எத்தனை புள்ளி மதிப்பு என்றே தெரியாது. அறிவிப்பு வந்த வாரமே எல்லாவற்றையும் இறக்கி வைத்து, ஒரு பிரதி அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் மேஜ் நைட் ஒரு தனி ரகம். விஸ்கிட்ஸ் 2000-இல் வெளியிட்ட அந்த விளையாட்டில் ஒவ்வொரு உருவத்தின் பேஸிலும் சுழலும் டயல் இருந்தது. காயம் படும்போது டயலைத் திருப்பினால் புதிய எண்கள் தெரியும். எண்கள் உருவத்தோடே ஒட்டியிருப்பதால் அட்டைகள் தொலையும் கவலை கிடையாது.

ஆர்வலர்கள் விதிகளைக் கையில் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஃபேன்டசி பேட்டில் முடிந்த 2015-இலேயே ரசிகர்கள் சேர்ந்து 'தி நைன்த் ஏஜ்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார்கள். எக்ஸ்-விங்குக்கும் புள்ளிகளைத் திருத்திப் போட்டிகளை நடத்தும் ரசிகர் குழுக்கள் உருவாகியிருக்கின்றன.

பழைய படையை வேறு விளையாட்டில் இறக்கலாமா?

பெரும்பாலும் முடியும். முதலில் அளவைப் பாருங்கள். 28 மி.மீ. உயர அளவு என்று சொல்லப்படும் கற்பனை உலக வீரர்களுக்கு வழிகள் ஏராளம். மான்டிக் நிறுவனத்தின் கிங்ஸ் ஆஃப் வார், அநாதையான வார்ஹாமர் படைகளுக்கு இடம் கொடுக்கும் பட்டியல்களோடு 2015-ஐ ஒட்டியே கதவைத் திறந்துவிட்டது. எந்த நிறுவனத்தின் உருவமானாலும் சரி என்று எழுதப்பட்ட விதிகளும் நிறைய வந்துவிட்டன. வரலாற்றுப் போர்களின் உருவங்களுக்கு இந்தக் கவலையே இல்லை. ரோமானியப் படைவீரன் எந்த விதிப்புத்தகத்திலும் ரோமானியப் படைவீரன்தான்.

சிக்கல் வருவது தனித்துவமான அளவுகளில். 6 மி.மீ. விண்வெளிக் காலாட்படை, குறிப்பிட்ட பேஸ் ஆணியோடு பிறந்த கப்பல்கள் போன்றவற்றுக்கு ஈடு தேடுவது கடினம்.

பேஸ்களை மாற்றியாக வேண்டுமா?

உடனே வேண்டாம். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிய உலோகக் கால்களைப் பேஸிலிருந்து பெயர்க்கும்போது கணுக்கால் உடைவது மிகச் சாதாரணம். அதற்குப் பதில், பழைய பேஸை அப்படியே வைத்துக் கீழே பெரிய வளையமோ தட்டோ பொருத்தலாம். பல உருவங்களை ஒன்றாக நகர்த்த, இடைவெளி வெட்டிய தட்டுகள் இதற்கென்றே கிடைக்கின்றன. பழைய விளையாட்டு அதே சதுரத்தோடு திரும்பினால்கூட அளவு மாறியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 20 மி.மீ. சதுரத்தில் நின்ற மனிதக் காலாட்படையை தி ஓல்டு வேர்ல்டு 25-க்கு மாற்றியது. 25-இல் நின்ற ஓர்க்குகள் 30-க்குப் போயின.

பழைய உலோக உருவத்தில் வெள்ளைப் பொடி பூக்கிறதே?

அது ஈயம் அரிக்கப்படுவதன் அடையாளம். ஈயம் அதிகமுள்ள பழைய வார்ப்புகள், ஓக் மரம், துகள்பலகை போன்றவற்றிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி பட்டால் ஈயக் கார்பனேட்டாகப் பொரிந்துபோகும். அந்தப் பொடி நஞ்சு. ஊதவோ உலரத் துடைக்கவோ கூடாது. கையுறை போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியை அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளையும் சாப்பாட்டையும் அந்த மேசையிலிருந்து தள்ளிவையுங்கள். பிறகு ப்ரைமரோ (அடிப்பூச்சு) வார்னிஷோ பூசி, மர அலமாரியிலிருந்து காற்றோட்டமுள்ள உலோக அல்லது பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். ஈயமில்லாக் கலவைகளுக்கு இந்தத் தொல்லை வராது.

மென்மையான பிவிசி உருவங்களுக்கு வேறு நோய். நாளாக ஆக மேற்பரப்பு பிசுபிசுக்கும், சில ஸ்ப்ரே ப்ரைமர்கள் அதன்மேல் காயவே காயாது. கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தில் முதலில் அடித்துப் பாருங்கள்.

பழைய பெயிண்டை எப்படி நீக்குவது?

உலோகத்துக்கு எதையும் தாங்கும் தோல், அதனால் அசிட்டோன்கூடப் போடலாம். பாலிஸ்டைரீனை அசிட்டோன் கரைத்துக் கூழாக்கிவிடும், அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். ரெசினுக்கும் அதுவே, ஆனால் அதிக நேரம் ஊறவிடாதீர்கள். எந்தப் பொருள் என்று சந்தேகம் இருந்தால் ஸ்ப்ரூ துண்டு ஒன்றைப் போட்டுச் சோதியுங்கள். பழைய உலோகத்தின் பெயிண்டை மணல்தாளால் தேய்க்க வேண்டாம், ஈயத் தூசி கிளம்பும்.

கிடைக்காத உருவத்தை அச்செடுத்து நகல் செய்தால் தவறா?

விற்பனை நின்றாலும் செதுக்கியவரின் அல்லது நிறுவனத்தின் பதிப்புரிமை முடிந்துவிடுவதில்லை. உருவத்தை அப்படியே அச்செடுத்து விற்பது பெரும்பாலான நாடுகளில் உரிமை மீறல். அச்சை வாங்கி மறுபடி வார்க்கலாமா என்று யோசிக்கும் சிறு நிறுவனத்தையும் முதலில் பாதிப்பது அதுதான், அதனால் நகல்களை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். உடைந்த கைக்கு நீங்களே மாடலிங் புட்டி எனும் பிசையும் மாவில் ஒரு கை செதுக்குவது வேறு. அதே படைக்குப் பொருந்தும்படி ஒரு கலைஞர் சொந்தமாக வடிவமைத்த 3டி கோப்பை வாங்கி அச்சிடுவதும் வேறு. இன்று நிறுத்தப்பட்ட விளையாட்டுகளை மேசையில் வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்தக் கலைஞர்களுடையது.

என் விளையாட்டு திரும்பி வருமா?

நிறுவனம் உயிரோடு இருந்து, கதையுலகம் அதன் சொந்தமாகவும் இருந்தால் வாய்ப்பு உண்டு. கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2013-இல் தன் சிறப்பு விளையாட்டுகள் வரிசையை மூடியது. அதிலிருந்த ப்ளட் போல் 2016-இல் திரும்பியது, நெக்ரோமுண்டா 2017-இல், ராட்சத இயந்திரங்களான டைட்டன்களின் போர் 2018-இல் அடெப்டஸ் டைட்டானிகஸ் என்ற பெயரில். ஆனால் 1999-இல் வந்த விண்கலப் போர் விளையாட்டான பேட்டில்ஃப்ளீட் கோதிக்குக்காகக் கப்பல் பிரியர்கள் பல ஆண்டுகள் காத்துக்கொண்டே இருந்தார்கள். திரும்புவதும் பெரும்பாலும் புதிய செதுக்கலோடு, சற்றுப் பெரிய அளவில் வரும். பழைய உருவங்கள் அவற்றின் பக்கத்தில் குள்ளமாகத் தெரியும்.

அப்படியானால் இப்போது விற்பதா, வைத்திருப்பதா?

அறிவிப்பு வந்த மாதத்தில் விற்காதீர்கள். எல்லோரும் விற்கும் நேரம் அது. பணம் அவசரமில்லை என்றால் கடைச் சரக்கு முழுதும் தீரும்வரை பொறுங்கள். விற்கும்போது உருவம், அட்டை, டயல், பெட்டி எல்லாம் சேர்த்து முழுப் படையாக விற்றால் வாங்குபவர் ஆட முடியும். உருவத்தை ஒருவருக்கும் அட்டையை இன்னொருவருக்கும் பிரித்து விற்றால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனால் அந்தப் படை அதோடு கலைந்துவிடும். வைத்திருப்பதாக முடிவு செய்தால், விதிகளின் அச்சுப் பிரதியையும் படைப் பட்டியலையும் அதே பெட்டியில் போட்டு, எந்த விளையாட்டு, எந்தப் பதிப்பு என்று மூடியில் எழுதி வையுங்கள். பின்னால் அதைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.